பார்சலை வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறான்

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு போன். ரங்கூனில் எங்கள் பழைய தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர், முன்பு கோயிலில் பார்த்துப் பழக்கம். பேச ஆரம்பித்ததுமே அழுகை. மகனைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று நாள் ஆகிறதாம், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லையாம், ஒருத்தர் முப்பது லட்சம் கியாட் (அந்த ஊர்ப் பணம்) கொடுத்தால் வெளியே எடுத்துவிடலாம் என்கிறாராம். "கொடுத்துடலாமா அக்கா?" என்று கேட்டார். 2021 ஏப்ரலில் இதே கேள்வியை வைத்துக்கொண்டு நான் தனியாக அலைந்தேன். கேட்க ஆள் இல்லை. அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன். பெயர்களும், தம்பியை வைத்திருந்த சிறை எது என்பதும் இதில் இருக்காது. காரணம் உங்களுக்கே புரியும்.

நாங்கள் நாலு தலைமுறையாகப் பர்மாவில் இருந்தவர்கள். 1964-ல் ராணுவ அரசு கடைகளை எல்லாம் எடுத்துக்கொண்டபோது சொந்தக்காரர்கள் பாதிப்பேர் கப்பலேறிவிட்டார்கள்; தாத்தா மட்டும் போகமாட்டேன் என்று இருந்துவிட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான், அரசியல் பேசக்கூடாது. தம்பிதான் அதை மீறினான். 2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சியான தேசிய ஜனநாயக லீக்குக்காக எங்கள் வட்டாரத்தில் வீடு வீடாகப் போனான். 476 இடத்தில் 396 அவர்களுக்கு வந்தது. புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய பிப்ரவரி 1 விடியற்காலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆங் சான் சூச்சியையும் ஜனாதிபதி வின் மின்ட்டையும் பிடித்து வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து தம்பி வீட்டில் சரியாகச் சாப்பிடவே இல்லை. எனக்கு அவன் மேல் பெருமை எல்லாம் இல்லை, கோபம்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிடிபட்டவர்களின் வீட்டில் எல்லோரும் வீரமாக இருப்பார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள்.

இப்போது திரும்பிப் பார்த்தால், முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் எல்லாம் பிப்ரவரி நடுவில் ஒரே வாரத்தில் நடந்துவிட்டன. 12-ஆம் தேதி 23,000 பேருக்கு மேல் சிறையிலிருந்து விட்டார்கள். யாருக்காக இடம் காலி செய்கிறார்கள் என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். அடுத்த நாள், வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்ற பாதுகாப்பை நிறுத்திவைத்தார்கள், ராத்திரி தங்கும் விருந்தாளி பெயரை வட்டார அலுவலகத்தில் பதியவேண்டும் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதற்கும் அடுத்த நாள் குற்றவியல் சட்டத்தில் 505-ஏ என்ற புதிய பிரிவு வந்தது. அச்சம் உண்டாக்கினால், பொய்ச் செய்தி பரப்பினால், அரசு ஊழியரைத் தூண்டிவிட்டால் மூன்று வருடம் வரை. ஜாமீன் கிடையாது. நாங்களோ ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரோடும் சேர்ந்து எதிர்ப்பைக் காட்டப் பாத்திரம் தட்டிக்கொண்டிருந்தோம். பேயை விரட்ட அங்கே அப்படித் தட்டுவது பழைய வழக்கம். தட்டினதில் தப்பில்லை. ஆனால் தட்டிவிட்டு அவனை அதே வீட்டில், அதே கட்டிலில் படுக்க வைத்தோம், அதுதான் தப்பு. இடம் மாறித் தூங்கு என்று நண்பர்கள் சொன்னபோது, "விருந்தாளிப் பதிவு இருக்கே, யாருக்குத் தொந்தரவு" என்று நான்தான் தடுத்தேன்.

ஏப்ரல் 11 ராத்திரி பத்தே முக்காலுக்குக் கதவு தட்டினார்கள். முன்னால் நின்றவர் எங்கள் வட்டாரத்து ஆள், தெரிந்த முகம். விருந்தாளிப் பட்டியல் பார்க்கவேண்டும் என்றார். திறந்ததும் பின்னால் இருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். சீருடையில் நாலு பேர், சாதாரண உடையில் இரண்டு பேர். தம்பியின் போன், லேப்டாப், என் போன், பீரோவில் இருந்த இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கியாட், அப்பாவின் கைக்கடிகாரம், எல்லாம் ஒரே அரிசிச் சாக்கில் போனது. சாக்குகூட எங்களுடையதுதான். எங்கே கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "சும்மா விசாரணை, காலையில் வந்துவிடுவான்" என்று பதில். அம்மா அதை நம்பி அவனுக்குச் செருப்பு மட்டும் எடுத்துக் கொடுத்தார். பனியனோடு போனான்.

இந்த இடத்தில் முதலில் செய்யவேண்டியதை நான் செய்யவில்லை. பிடித்த அந்த நிமிடத்திலிருந்து அவனுடைய போன் அவர்கள் கையில் இருக்கிறது. அதில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் அடுத்த கதவு. ஊரடங்கு விடியற்காலை நாலு மணி வரை. மொபைல் டேட்டா மார்ச் நடுவிலேயே நின்றுபோயிருந்தது. பைபர் இணைப்பு இருந்த வீடு எதிர்வரிசையில். நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு ஆறு மணிக்குத்தான் அங்கே போய்ச் செய்தி அனுப்பினேன். அதற்குள் அவன் நண்பர்கள் மூன்று பேரையும் தூக்கிவிட்டார்கள். அதில் ஒரு பையனின் அம்மா இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் முன்கூட்டியே பேசி வையுங்கள்: ஆள் பிடிபட்டால் யாருக்கு, எந்த வழியில், எந்த வார்த்தையில் செய்தி போகவேண்டும், அவன் கணக்கை எந்தெந்தக் குழுவிலிருந்து யார் நீக்கவேண்டும் என்று. சாதாரண லேண்ட்லைனில் "பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று ஒரு வரி போதும். போனில் பணம் அனுப்பும் செயலியை மறக்காதீர்கள். ராணுவ ஆட்சியை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இருந்த ஒரு டாக்டருக்கு அவன் அனுப்பிய இருபதாயிரம் கியாட்டைப் பற்றித்தான் உள்ளே அதிக நேரம் கேட்டார்களாம்.

காலையில் போலீஸ் நிலையம் போனேன். எங்களிடம் இல்லை என்றார்கள். இன்னொரு நிலையம், அங்கேயும் இல்லை. அப்புறம் தின்ஜான் விடுமுறை வந்துவிட்டது. நம் சித்திரைப் பிறப்பும் அவர்கள் தண்ணீர்த் திருவிழாவும் ஒரே வாரத்தில் வரும், வழக்கமாக ஊரே நனைந்து கிடக்கும். அந்த வருடம் யாரும் கொண்டாடவில்லை, தெரு காய்ந்து கிடந்தது. ஆனால் அலுவலகங்கள் மட்டும் ஒழுங்காகப் பூட்டியிருந்தன. ராத்திரி டிவியில் தேடப்படுபவர்கள் என்று இருபது இருபது படமாகக் காட்டுவார்கள். பிடிபட்டவன் படம் அதில் எப்படி வரும் என்று தெரிந்தும் அம்மா முழுதாகப் பார்ப்பார்.

அந்தப் பத்து நாளில்தான் நாங்கள் பணத்தை இழந்தோம். ஒரு தெரிந்தவருக்குத் தெரிந்தவர், மேலே ஆள் இருக்கிறது, வழக்குப் போடுவதற்கு முன்னால் என்றால் எடுத்துவிடலாம், வழக்குப் போட்டுவிட்டால் கடவுளாலும் முடியாது என்றார். பதினைந்து லட்சம் கேட்டார். வங்கியில் பணம் இருந்தது, கைக்கு வரவில்லை. வங்கி ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள், வாரத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு வேறு. கணக்கில் இருப்பதை நோட்டாக மாற்றித் தரவே ஆட்கள் முளைத்திருந்தார்கள், நூற்றுக்கு ஏழு கமிஷன். மீதிக்கு அம்மாவின் இரண்டு வளையல். ஆக, அந்தப் பதினைந்து லட்சத்தைக் கையில் சேர்க்கவே தனியாக ஒரு நஷ்டம். கொடுத்த மூன்றாம் நாள் அவர் போன் அணைந்துவிட்டது. அதோடு விட்டேனா? ஒரு வாரத்தில் இன்னொரு குரல் போனில் வந்தது. உங்கள் தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறான், ரத்தம் வாங்கவேண்டும் என்றது. அவன் வயது, சட்டை அளவு எல்லாம் சரியாகச் சொன்னது. மூன்று லட்சம் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் நினைவு வந்தது, அந்த விவரமெல்லாம் உதவி கேட்டு நானே ஃபேஸ்புக்கில் போட்டிருந்தேன்.

பணம் வாங்கி ஆளை விடுவது அங்கே நடப்பதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. போலீஸ் நிலையத்தில், முதல் சில மணி நேரத்தில், ஆளைக் கண்ணால் பார்த்துப் பேரம் பேசி வெளியே கூட்டிவந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆனால் ஆள் எங்கே இருக்கிறான் என்றே சொல்லமுடியாதவன் ஆளை எப்படி வெளியே எடுப்பான்? இந்தச் சின்னக் கேள்வி எனக்கு அப்போது தோன்றவில்லை. தூக்கமில்லாத ஆளுக்குத் தோன்றாது. அதனால் பணம் சம்பந்தமான முடிவை, அழாமல் இருக்கும் ஒரு சொந்தக்காரர் கையில் விட்டுவிடுங்கள்.

வழி காட்டியது கீழ்வீட்டுப் பர்மியப் பெரியம்மா. 1988-ல் ராணுவ ஆட்சியை எதிர்த்து நடந்த போராட்டத்துக்குப் பிறகு அவர் கணவர் பல வருடம் உள்ளே இருந்தவர். எங்கள் கதவு தட்டப்பட்ட அன்றே அவருக்குத் தெரியும். ஆனால் நான் பத்து நாளும் அவரிடம் வாய் திறக்கவில்லை, அவரே டலானாக இருப்பாரோ என்ற பயம். டலான் என்றால் காட்டிக்கொடுப்பவன். அந்த வார்த்தை அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. உதவத் தெரிந்த ஒரே ஆளைச் சந்தேகப்பட்டுக்கொண்டு, முன்பின் தெரியாதவனுக்குப் பதினைந்து லட்சம் கொடுத்தேன். கடைசியில் அவரே மாடிப்படியில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தமீ, பார்சல் கொடுத்துப் பார்த்தாயா?" என்றார். தமீ என்றால் மகளே. சிறை வாசலில் போய் ஆள் இருக்கிறானா என்று கேட்காதே, இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கேட்காமல் பார்சலை நீட்டு. வாங்கிக்கொண்டால் ஆள் உள்ளே இருக்கிறான். வாங்காவிட்டால் அடுத்த இடத்துக்குப் போ, ஒரு வாரம் கழித்து முதல் இடத்துக்கே திரும்பவும் போ. அவ்வளவுதான் அவர் சொன்னது. முப்பது வருடத்துக்கு முன்னால் அவரும் இப்படித்தான் கணவரைக் கண்டுபிடித்தாராம்.

முதல் தடவை வாங்கவில்லை. இரண்டாவது இடத்திலும் இல்லை. விசாரணை மையத்தில் வைத்திருக்கும் வரை எந்தப் பட்டியலிலும் பெயர் ஏறாது என்று அப்புறம் தெரிந்தது. ஏப்ரல் 29-ல் மறுபடி போனபோதும் பார்சல் வாங்கும் ஊழியர் பட்டியலைப் பார்த்துவிட்டு இல்லை என்றார். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டார். இது நம்மவர்களுக்கு முக்கியம். அங்கே பிறந்த தமிழர்கள் நிறையப் பேருக்கு வீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பர்மியப் பெயர். குடும்பப் பெயர் என்று பர்மியர்களுக்கு ஒன்று கிடையாது என்பதால் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அப்பா பெயரையும் அட்டை எண்ணையும் வைத்துத்தான் பிரிப்பார்கள். நான் பதற்றத்தில் அப்பாவின் தமிழ்ப் பெயரை எழுதியிருந்தேன். மாற்றி எழுதிக் கொடுத்தேன். அந்த ஊழியர் விரலால் பட்டியலில் கீழே கீழே போய் நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. பையை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் வெளியே வந்து சைக்கிள் ரிக்‌ஷாக்காரரிடம் பேரம்கூடப் பேசாமல் ஏறி உட்கார்ந்து அழுதேன். அட்டையின் நகலை வீட்டில் உள்ள ஒவ்வொருவருடையதும் எடுத்து, வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். எங்கள் நகல் எல்லாம் அந்த லேப்டாப்பில் போய்விட்டது.

கோவிட்டைக் காரணம் காட்டி நேரில் பார்க்க விடுவதை நிறுத்தியிருந்தார்கள். அதனால் ஆறு மாதமும் பார்சல்தான் பேச்சு. என்ன வைக்கலாம் என்பது வாரத்துக்கு வாரம் மாறும், வரிசையில் நிற்பவர்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். எல்லாவற்றையும் குத்திப் பார்ப்பார்கள், சோப்பைக்கூட இரண்டாக வெட்டுவார்கள். அதனால் கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், தெரிகிற பிளாஸ்டிக் டப்பா போதும். மாத்திரையை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு. காபி மிக்ஸ் பாக்கெட் எவ்வளவு வைத்தாலும் வீணாகாது. உள்ளே அதுதான் காசு என்று தம்பி வந்து சொன்னான், துணி துவைத்துக் கொடுக்க இரண்டு பாக்கெட். அம்மா உலர்ந்த இறாலைப் பூண்டு, மிளகாயோடு எண்ணெயில் வறுத்துப் பலாச்சாங் செய்வார், பத்து நாள் கெடாது. பர்மியர் செய்வதில் கறிவேப்பிலை இருக்காது, அம்மா போடுவார். டப்பாவில் கறிவேப்பிலை தட்டுப்பட்டதும்தான் அம்மா நன்றாக இருக்கிறார் என்று தெரிந்ததாம் அவனுக்கு. தேர்தல் சமயத்தில் அவன் கட்டிய சிவப்பு லுங்கியை நான் யோசிக்காமல் வைத்துவிட்டேன். கட்சி நிறம். லுங்கியோடு அந்த வாரப் பார்சல் முழுவதும் திரும்பி வந்தது.

மே கடைசியில் பார்சல் சீட்டு, அடியில் அவன் கையெழுத்தோடு திரும்பி வர ஆரம்பித்தது. நான் சந்தோஷப்பட்டேன். அம்மா சீட்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது இடது கையில் போட்டது" என்றார். எனக்கு எரிச்சல், ஏதாவது கற்பனை பண்ணாதீர்கள் என்று கத்தினேன். அவன் சின்ன வயதில் வலது கையில் கட்டுப்போட்டிருந்தபோது பள்ளிக்கூடப் பாடத்தை இடது கையில் எழுதியதை அம்மா பார்த்திருக்கிறார். அவர் சொன்னதுதான் சரி. விசாரணையில் வலது கை விரல் இரண்டு வீங்கி ஜூலை வரை மடங்கவில்லை.

வக்கீல் விஷயத்தில் அவசரப்படாமல், ஆனால் தாமதிக்காமல் இருங்கள். ஆள் கையெழுத்துப் போட்ட அதிகாரப் பத்திரம் இல்லாமல் வக்கீல் வாதாட முடியாது, அந்தக் கையெழுத்தை வாங்குவதற்கே எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. நீதிமன்றம் சிறைக்குள்ளேயே நடக்கும், குடும்பத்துக்கு அனுமதி இல்லை. எங்கள் வக்கீல் ஒரு இளம்பெண், அவர் தொழிலில் பலரையும் அந்த வருடம் பிடித்துக்கொண்டு போனார்கள். முதல் நாளே சொல்லிவிட்டார், "நான் விடுதலை வாங்கித் தர வரவில்லை. அவன் என்ன சொன்னான், எப்படி இருக்கிறான் என்று வந்து சொல்லத்தான் வருகிறேன்." ஆறு லட்சத்துக்கு எனக்குக் கிடைத்ததிலேயே நேர்மையான வார்த்தை அதுதான். ஜெயித்துத் தருகிறேன் என்று சொல்லும் வக்கீலிடம் போகாதீர்கள். இன்னொன்று, அரசியல் கைதிகள் உதவிச் சங்கம் கைதானவர்களின் பட்டியலைத் தொடர்ந்து எழுதிவைக்கிறது. பெயரைக் கொடுத்தால் அடி கூடுமோ என்று நான் ஒரு மாதம் தயங்கினேன். கொடுத்ததால் எங்களுக்குக் கெடுதல் எதுவும் வரவில்லை. உங்கள் வீட்டு நிலைமை வேறாக இருக்கலாம், வக்கீலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஜூலையில் கோவிட் மூன்றாவது அலை. வெளியிலேயே ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றது. 23-ஆம் தேதி ரங்கூனில் உள்ள இன்செயின் சிறைக்குள்ளிருந்து கைதிகள் கோஷம் போட்டது வெளியே கேட்டது என்ற செய்தி வந்ததும், எந்தச் சிறையில் ஆள் இருந்தாலும் எந்த வீட்டிலும் யாரும் தூங்கவில்லை. தம்பிக்கும் காய்ச்சல் வந்து போனதாம். எனக்கு அப்போது தெரியாது. தெரியாதது நல்லதுதான்.

அக்டோபர் 18 அன்று 5,636 பேரை விடுவதாக அறிவித்தார்கள். யார் யார் என்று பட்டியல் கிடையாது. வாசலில் இரண்டு நாள் நின்றோம். ஒவ்வொரு பஸ் வெளியே வரும்போதும் ஜன்னல் ஜன்னலாகப் பெயரைக் கூப்பிடுவோம். அவன் இரண்டாம் நாள் சாயங்காலம் வந்தான். நான் அடையாளம் கண்டுபிடிக்கவில்லை, அம்மாதான் கண்டுபிடித்தார். இனி ஈடுபட மாட்டேன் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். தண்டனை பெற்றபின், நிபந்தனையோடு விடும் 401-ஆம் பிரிவில் விடப்பட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும், மறுபடி பிடித்தால் பழைய மிச்சத் தண்டனையும் சேரும். அந்த விடுதலையில் வந்தவர்களில் பலரை வீடு போய்ச் சேர்வதற்குள்ளேயே திரும்பப் பிடித்தார்கள். அதனால் மாலை, பொங்கல், படம் எடுத்துப் போடுவது எதுவும் வேண்டாம். நாங்கள் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகவே இல்லை. ஐந்தாவது நாள் வட்டாரத்து ஆள் "சும்மா பார்க்க வந்தேன்" என்று வந்து நின்றார், அதே முகம். அடுத்த மாதம் நாடு விட்டோம். எப்படி என்று எழுத மாட்டேன், அந்த வழியில் இன்னும் ஆட்கள் வருகிறார்கள்.

கணக்குப் பார்த்தால் தரகர், போன் குரல், கமிஷன், வக்கீல், இருபத்து நாலு பார்சல், வண்டிச் சத்தம் எல்லாம் சேர்த்து நாற்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அதில் கிட்டத்தட்டப் பாதி வீணாகவே போனது. தம்பி இப்போது வேலைக்குப் போகிறான். உள்ளே நடந்ததைக் கேட்பதில்லை, அவனாகச் சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

அந்த அம்மாவிடம் போன வாரம் சொன்னதும் இதைத்தான். முப்பது லட்சத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், நாளைக்குக் காலையில் ஒரு பார்சல் கட்டிக் கொண்டுபோய் நீட்டுங்கள், அட்டையில் உள்ள பெயரை எழுதுங்கள் என்றேன். நேற்று மறுபடி கூப்பிட்டார். இரண்டாவது இடத்தில் வாங்கிக்கொண்டார்களாம். ஒரு துண்டை மட்டும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்களாம், ஏன் என்று தெரியவில்லை என்றார். என்ன நிறம் என்று கேட்டேன். சிவப்பு என்றார். அதைச் சொல்ல மறந்திருந்தேன்.